நீல ஃபைலின் பின்பக்கம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது மதுரையில் ஒரு மருத்துவமனையில் 23 நாள் கிடந்தோம். படுத்திருந்தது அவர் ஒருவர்தான் என்றாலும் 'கிடந்தோம்' என்று பன்மையில்தான் சொல்லத் தோன்றுகிறது. ஆறாம் நாள் இரவு என் தங்கை போனில் ஒரு யோசனை சொன்னாள். "அண்ணே, படுக்கப் போறதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்ததுல நல்லது மூணு எழுதி வை. எங்க ஆபீஸ்ல ஒரு வகுப்பு எடுத்தாங்க, அதுல சொன்னாங்க." எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அப்பாவின் வலக்கை அசையவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. மூக்கு வழியே குழாய். இதில் மூன்று நல்லதை எங்கே போய்த் தேடுவது? பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. பில்களும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் வைத்திருந்த நீல ஃபைலைத் திறந்து, ஒரு மருந்து பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். இன்று லிஃப்ட் வேலை செய்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி தன் ஃபிளாஸ்கில் இருந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். மூன்றாவது அகப்படவில்லை.

அன்றிரவு அற்புதம் எதுவும் நடக்கவில்லை. நாலு மணிக்கு நர்ஸ் ட்ரிப்ஸ் மாற்ற வந்தபோதும் நான் விழித்துத்தான் இருந்தேன். ஆனால் காலையில் எழுந்ததும் அந்த அம்மாவிடம் பெயர் கேட்டேன். ஆறு நாளாக ஒரே திரைச்சீலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்திருக்கிறோம், பெயர் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மீதி நாட்களிலும் எழுதினேன். அப்பா வீடு திரும்பி, கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, இந்தப் பழக்கத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். கஷ்ட காலத்தில் நாள்தோறும் நன்றியை எழுதி வைப்பது உதவுமா? உதவும் என்றால் யாருக்கு, எவ்வளவு? எப்போது அது கெடுதலாகும்? கிடைத்த விடைகளில் பெரும்பாலானவை, இதைப் பரிந்துரைக்கும் வகுப்புகளும் புத்தகங்களும் சொல்வதைவிடச் சிறியவை. அதனால்தான் எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை வந்தது.

இத்துறையில் எல்லாரும் சுட்டும் ஆய்வு 2003இல் வெளியானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் எம்மன்ஸும் மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெக்கல்லோவும் செய்தது. முதல் சோதனையில் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வாரம் ஒருமுறை, பத்து வாரம், ஒரு குழு தாங்கள் நன்றி பாராட்டும் விஷயங்கள் ஐந்துவரை எழுதியது. இன்னொரு குழு எரிச்சல் தந்தவற்றை எழுதியது. மூன்றாவது குழு வெறுமனே நடந்தவற்றை எழுதியது. எரிச்சல் பட்டியலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காததும், யாரும் துலக்காத சமையலறையும் இருந்தன. நன்றிப் பட்டியலில் நண்பர்களின் தாராள மனசும், காலையில் கண் விழித்ததும், ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவும் இருந்தன. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையை இன்னும் திருப்தியாகப் பார்த்தார்கள், உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள்.

பரீட்சையும் பார்க்கிங்கும் தவிர வேறு பெரிய கவலை இல்லாத இளைஞர்களைப் பற்றிய இந்த முடிவு மட்டும் இருந்திருந்தால் நான் கட்டுரையை அங்கேயே மூடி வைத்திருப்பேன். என்னை நிறுத்தியது அதே ஆய்வின் மூன்றாவது சோதனை. அதில் பங்கேற்ற 65 பேரும் நரம்புத் தசை நோய் உள்ளவர்கள். சிறு வயதில் போலியோ தாக்கி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தசைகள் மறுபடி தளரத் தொடங்கியவர்களே அவர்களில் மிகுதி. 21 நாள் தினமும் எழுதினார்கள். எழுதாத குழுவோடு ஒப்பிட்டால், நன்றி எழுதியவர்கள் கூடுதல் நேரம் தூங்கியதாகவும், விழிக்கும்போது தெளிவாக உணர்ந்ததாகவும் சொன்னார்கள். அவர்களுடைய கணவனோ மனைவியோ தனியாக நிரப்பிக் கொடுத்த படிவத்திலும் மாற்றம் தெரிந்தது. அளந்த எல்லாவற்றிலும் மாற்றம் வந்துவிடவில்லை. நோய் நோயாகவே இருந்தது. ஆனாலும், தீராத நோயோடு இருக்கும் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதல் தூக்கம் என்பது, வார்டில் 23 இரவு உட்கார்ந்திருந்தவனுக்கு அற்ப விஷயமாகத் தெரியாது.

இந்தத் தூக்க விஷயத்தை 2009இல் இங்கிலாந்தில் அலெக்ஸ் வுட்டும் அவர் சகாக்களும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். 401 பேர். நன்றியுணர்வு மிகுந்தவர்களுக்குத் தூக்கம் நன்றாக இருந்ததற்குக் காரணம், படுத்த பின் மனசில் ஓடும் எண்ணங்கள்தான் என்று அவர்களுக்குப் புலப்பட்டது. நம் எல்லாருக்கும் தெரிந்த நேரம்தான் அது. விளக்கை அணைத்ததும் கடன்காரன் பேசிய பேச்சு, டாக்டர் பாதியில் நிறுத்திய வாக்கியம், நாளைக்குக் கட்ட வேண்டிய தொகை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கெட்டது நல்லதைவிட வேகமாக மனசில் ஒட்டும், நெடுநேரம் நிற்கும் என்று ராய் பாமைஸ்டரும் மற்றவர்களும் 2001இல் பல துறை ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆபத்தைக் கவனிக்கத் தவறிய உயிர் பிழைக்காது. ஆகவே கெட்டதை முதலில் பார்க்க மூளை பழகியிருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யாத நாளை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. வேலை செய்த நாளை எழுதி வைத்தால்தான் உண்டு.

2005இல் மார்ட்டின் செலிக்மனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில்தான் என் தங்கை சொன்ன 'மூன்று நல்லது' வருகிறது. தினமும் இரவு, அன்று நல்லபடியாக நடந்த மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுத வேண்டும். 577 பேர் இணையம் வழியாகச் சேர்ந்தார்கள். எழுதியவர்களின் மனநிலை ஆறு மாதம் கழித்தும் மேம்பட்டிருந்தது. ஒரு வாரம் சொன்ன பயிற்சியைப் பலர் தாமாகவே தொடர்ந்ததும் அதற்குக் காரணம். நன்றிக் கடிதம் எழுதி உரியவரிடம் நேரில் போய்ப் படித்துக் காட்டும் இன்னொரு பயிற்சி, பலன் மிகுதியாகத் தந்தது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை.

பிறகு ஆய்வுகள் பெருகின. பெருகிய பிறகு சல்லடை வந்தது. 2016இல் டான் டேவிஸும் சகாக்களும் பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். எதுவும் செய்யாமல் இருப்பதைவிட நன்றி எழுதுவது மேல். ஆனால் மனசுக்கு உதவும் வேறு பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. 2021இல் டேவிட் கிரெக்கும் ஜெனிஃபர் சீவன்ஸும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு 27 ஆய்வுகளை, 3,675 பேரை, ஆராய்ந்தார்கள். பலன் உண்டு, சிறியது என்பதே அவர்கள் முடிவு. மனச்சோர்வைக் குறைக்க வேண்டும் என்பவர்கள் வலுவான சான்றுள்ள வேறு வழிகளை நாடலாம் என்றும் ஒளிக்காமல் எழுதினார்கள். இந்த வரியை நன்றிக் குறிப்பேடு விற்கும் எவரும் அட்டையில் போடமாட்டார்கள். நான் இங்கே போடுகிறேன். உள்ளுக்குள் இருண்டு கிடக்கும் ஒருவருக்கு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவது பாவம். அவருக்கு வேண்டியது மருத்துவரும் துணையும். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

நெருக்கடியின் நடுவே என்ன ஆகிறது? 2001இன் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சிலரின் மன உறுதியை பார்பரா ஃபிரெட்ரிக்சன் அளந்து வைத்திருந்தார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அதே மாணவர்களைத் திரும்ப அழைத்தார். ஐம்பதுக்கும் குறைவானவர்கள்தான், சின்ன ஆய்வு. கோபமும் துக்கமும் அச்சமும் எல்லாரிடமும் இருந்தன. கூடவே, உயிரோடிருப்பதற்கும் வேண்டியவர்கள் பத்திரமாக இருப்பதற்கும் நன்றி என்ற உணர்வும் இருந்தது. மனம் தளராமல் நின்றவர்களிடம் துக்கம் குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது; துக்கத்தோடு வேறு ஒன்றும் இருந்தது, அதுதான் அவர்களை மனச்சோர்வில் விழாமல் தாங்கியது என்று ஃபிரெட்ரிக்சன் கணித்தார். வியட்நாம் போரில் சண்டையிட்டு வந்த முன்னாள் படைவீரர்களை 2006இல் டாட் காஷ்டனும் மற்றவர்களும் நாள் நாளாகக் கவனித்தார்கள். போரின் அதிர்ச்சி இன்னும் விலகாதவர்களிடம் இயல்பான நன்றியுணர்வு மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் அன்றாடம் எழும் நன்றியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் காணவில்லை. நன்றி எழுந்த நாள் இரு தரப்புக்குமே நல்ல நாளாக இருந்தது. எனக்கு ஆறுதல் தந்த முடிவுகளில் இது முக்கியமானது. சுபாவம் எப்படிப்பட்டதாக இருந்தாலும் அன்றைய நாள் அன்றைக்குத் திறந்துதான் இருக்கிறது.

இவ்வளவையும் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சொல் என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தது. நம் 'நன்றி'. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். அங்கே நன்றி என்பது நமக்குள் எழும் உணர்ச்சியின் பெயராக வரவில்லை. பிறர் செய்த நன்மைக்குத்தான் அந்தப் பெயர். நம் பங்கு அதை 'அறிதல்'. எதிர்ச்சொல்லும் வெறுப்பு என்றோ சலிப்பு என்றோ இல்லை. 'மறத்தல்', அதையும் தாண்டினால் 'கொல்லுதல்'. புறநானூற்றில் ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடும்போதும் அதே சொல்தான், கொல்வது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிற பழமொழியும் நினைக்கத்தான் சொல்கிறது, மகிழச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் வாய்விட்டு நன்றி சொன்னதே கிடையாது. ஆனால் 'அந்த வருஷம் பெரியம்மா ரெண்டு மூட்டை நெல்லு அனுப்பிச்சா' என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த வருஷம், எத்தனை மூட்டை, யார் தலையில் தூக்கி வந்தது என்பதுவரை சொல்வாள்.

கஷ்ட காலத்துக்கு இந்தப் பொருள்தான் உதவும் என்று நினைக்கிறேன். படுக்கையில் அப்பா கிடக்கும்போது மகிழ்ச்சியை வரவழைத்துக்கொள் என்றால் முடியாது, கேட்பதே கொடுமை. ஆனால் இன்று யார் என்ன செய்தார் என்று அறிவது முடியும். அதற்கு மனசு லேசாக இருக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் இந்த அறிதலை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். நாய்கான் என்று பெயர். உள்ளே பார்த்தல் என்று பொருள். ஜோதோ ஷின்ஷு பௌத்தத்தில் இருந்த கடுமையான தவப் பயிற்சியை எளிதாக்கி யோஷிமோட்டோ இஷின் (1916-1988) உருவாக்கியது. ஒரு வாரம் திரைத்தடுப்புக்குப் பின்னால் அதிகாலையிலிருந்து இரவுவரை உட்கார வேண்டும். அம்மாவில் தொடங்கி ஒவ்வொருவரைக் குறித்தும் மூன்று கேள்விகள். அவரிடமிருந்து நான் பெற்றது என்ன? அவருக்கு நான் திருப்பிக் கொடுத்தது என்ன? அவருக்கு நான் தந்த தொல்லை என்ன? 'அம்மா அன்பாக இருந்தாள்' என்ற விடையை ஏற்கமாட்டார்கள். எந்த வயதில், எந்த நாளில், என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டும். 1950களிலிருந்து ஜப்பானியச் சிறைகளிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூன்றாவது கேள்வி எனக்கு அச்சம் தருகிறது. தன்னைத்தானே குறை சொல்லித் தேய்ந்துகொண்டிருப்பவரை அது இன்னும் கீழே தள்ளக்கூடும். முதல் கேள்வியின் கறார்தனத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

மறுப்புகளில் வலுவானது அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரென்ரைக் வைத்தது. 2000ஆம் ஆண்டு அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தன் கோபத்தைச் சக நோயாளிகளிடம் சொன்னபோது, கோபப்படக்கூடாது, உதவி தேடிக்கொள் என்ற அறிவுரைகள்தான் வந்தன. புற்றுநோயையே ஒரு பரிசாகப் பேசியவர்களும் உண்டு. நோயோடு புன்னகையும் கடமையாகிவிட்டதை எதிர்த்து 2009இல் ஒரு புத்தகமே எழுதினார். 2015இன் கடைசி நாளில் வெளியான கட்டுரையில் நன்றிப் பயிற்சியையும் கேள்வி கேட்டார். நன்றியை நமக்கு நாமே செய்துகொள்ளும் மருந்தாக்கிவிட்டால், நம் தட்டுக்கு உணவைக் கொண்டுவந்த தொழிலாளிக்கு அதில் என்ன கிடைக்கிறது? இந்த ஆய்வுகளுக்குப் பெரும் பணம் கொடுத்தது ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளை என்பதையும் சுட்டினார். அவர் கேள்வி நியாயமானது. கஞ்சி கொடுத்த அம்மாவின் பெயரைக் கேட்காமலே அவரைப் பற்றி எழுதி நான் தூங்கப் போயிருந்தால், அந்த எழுத்து என் ஒருவனுக்கான மாத்திரை மட்டுமே.

நம் மண்ணில் இந்த மறுப்புக்கு இன்னொரு முகம் உண்டு. செஞ்சோற்றுக் கடன் என்பது கர்ணன் கதையில் கம்பீரமாக இருக்கிறது. பண்ணைக் களத்தில் அது அப்படி இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தவனிடம், கூலிக்கும் குறைவாக அளந்து போட்டுவிட்டு, 'சோறு போட்டவனுக்கே எதிரா பேசுறியா' என்று கேட்ட குரல் நமக்குத் தெரிந்தது. கொடுத்தவன் கேட்டு வாங்கும் நன்றி ஒரு கயிறு. சம்பளத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு ஊழியர்களுக்கு நன்றியுணர்வு வகுப்பு எடுக்கும் நிர்வாகத்தின் கையிலும் அதே கயிறுதான் இருக்கிறது. துன்பத்தில் இருப்பவரிடம் மேலே இருப்பவர் இந்தப் பழக்கத்தைப் பரிந்துரைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தங்கை சொல்லலாம், அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

ஆனால் நன்றி அறிந்தவன் அநியாயத்தைப் பொறுத்துப் போவான் என்பதை நான் ஒப்பவில்லை. 2016இல் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் மேட்டூர் அணை செப்டம்பர் 20இல்தான் திறந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10இல் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நாலு நாளில் பொங்கல். டெல்டாவில் கருகிய பயிரைப் பார்த்து உயிர்விட்டவர்களின் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. மற்ற வீடுகளிலும் கரும்பும் வெல்லமும் குறைந்தன. ஆனாலும் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசினார்கள். மழை பொய்த்ததற்கு மாடு என்ன செய்யும்? அது தன் வேலையைச் செய்திருந்தது. அதே ஆண்டு மார்ச் 14இல் தமிழக விவசாயிகள் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்தார்கள். 41 நாள் நடந்தது அந்தப் போராட்டம். எவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு, எவர் தனக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதும் தெரியும்.

எட்டி ஹில்லெஸும் என்ற யூதப் பெண்ணின் நாட்குறிப்பை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது, 1941இலும் 1942இலும் எழுதியது. யூதர்களுக்கு எந்தத் தெரு தடை, எந்தக் கடை தடை என்று தடைகள் கூடிக்கொண்டே போவதையும் எழுதுகிறார். வீட்டின் பின்புறத்து மல்லிகையையும் எழுதுகிறார். தன் மக்களுக்கு நடக்கப்போவது அழிவு என்று தெரிந்தே எழுதுகிறார். 1943 நவம்பரில், 29 வயதில், ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரைக் காட்டி, 'அவளே நன்றியோடு இருந்தாள், உனக்கென்ன' என்று யாரிடமும் கேட்டுவிடக்கூடாது. நான் அவரிடம் கற்றது வேறு. ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதலாம்.

என் ஃபைலின் பின்பக்கங்களிலும் பிற்பாடு அப்படித்தான் ஆனது. பத்தாம் நாளுக்கு மேல் துக்கத்தையும் எழுதத் தொடங்கினேன். அதற்கும் ஆதாரம் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல், மனசை அழுத்தும் துயரத்தையே நாலு நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார். எழுதும்போது கலங்கினார்கள், ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நோட்டுக்கு ஒரு விதி வைத்தால், எழுதுகிறவர் தன்னிடமே பொய் சொல்ல ஆரம்பிப்பார்.

தினமும் எழுதத்தான் வேண்டுமா என்றால், தேவையில்லை. சோன்யா லூபோமிர்ஸ்கியின் ஆறு வாரச் சோதனையில் வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. கடமைக்கு எழுதினால் கண் மரத்துவிடும். மருத்துவமனை போன்ற இடத்தில் ஒவ்வொரு நாளும் வேறு நாள் என்பதால் எனக்குத் தினமும் எழுத விஷயம் இருந்தது. வீட்டுக்கு வந்தபின் தானாகவே ஞாயிறுதோறும் என்று ஆகிவிட்டது. எழுத எதுவும் தோன்றாத நாளில், இருப்பதைக் கழித்துப் பார்க்கலாம். வாழ்வில் நல்லது ஒன்று எப்படி நடந்தது என்று எழுதுவதைவிட, அது நடக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதுவது மனசை அதிகம் தொடுகிறது என்று மின்கியுங் கூவும் அவர் சகாக்களும் 2008இல் கண்டார்கள். ஒரு ஞாயிறு நான் எழுதினேன்: அப்பா விழுந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போயிருந்தால்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்கு அது சங்கடமாக இருக்குமோ என்று மிகையாக அஞ்சினார்கள்; அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அதைப் படித்த வாரம் நீல ஃபைலில் எழுதி வைத்திருந்த எண்ணைத் தேடி எடுத்து அந்த அம்மாவை அழைத்தேன். இரண்டு வருஷம் கழிந்திருந்தது. அவர் கணவர் மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் மாதம் இறந்துவிட்டிருந்தார். அதைக் கேட்டபின் சொல்ல வந்ததைச் சொல்ல நா எழவில்லை. தட்டுத்தடுமாறி, அந்தக் கஞ்சியைப் பற்றிச் சொன்னேன்.

"கஞ்சியா? எனக்கு ஞாபகம் இல்லையே தம்பி" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒங்க அப்பா எந்திரிச்சு நடக்குறாரா? இப்ப என்ன சாப்பிடுறாரு?" என்று கேட்டார்.

காலையில் இரண்டு இட்லி, இடக்கையால் தானே பிட்டுச் சாப்பிடுகிறார் என்றேன்.